விமானத்தில் சென்ட், அத்தர், பாடி ஸ்ப்ரே: எவ்வளவு எடுக்கலாம், எப்படிக் கட்டுவது?

துபாயிலிருந்தோ தம்மாமிலிருந்தோ ஊருக்குப் பெட்டி கட்டுபவர் முதல், லண்டன் போகும் மாணவர் வரை சென்ட் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே குழப்பத்திலிருந்து வருகின்றன. 100 மி.லி. என்ற எண் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது கைப்பைக்கு மட்டும் உரியது. செக்-இன் பெட்டிக்கு வேறு கணக்கு, சுங்கத்துக்கு இன்னொரு கணக்கு. ஓரிடத்தில் தேறிய பாட்டில் அடுத்த இடத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

கைப்பையில் எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம்?

ஒவ்வொரு பாட்டிலும் 100 மி.லி. அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு லிட்டர் பிடிக்கும், உள்ளே இருப்பது தெரியும் ஜிப் கவர் ஒன்றில் போட வேண்டும். அந்தக் கவர் ஏறக்குறைய 20க்கு 20 செ.மீ. அளவு. ஆளுக்கு ஒரு கவர்தான். பற்பசை, ஷாம்பூ, முகக் கிரீம், ஹேர் ஜெல் எல்லாம் இதே கவருக்குள் இடம்பிடித்தாக வேண்டும்.

ஒரு லிட்டர் என்றால் 100 மி.லி. பாட்டில் பத்து வைக்கலாமே என்று கணக்குப் போட வேண்டாம். சென்ட் பாட்டிலின் கண்ணாடி தடிமன், அடிப்பாகமும் கனம். மூன்று, நான்கு வைத்தாலே கவர் பிதுங்கிவிடும். ஜிப் மூடாத கவரைப் பல விமான நிலையங்களில் ஏற்க மாட்டார்கள். கைப்பைக்கு 30 மி.லி. பாட்டில் ஒன்றும், நிரப்பிக்கொள்ளும் சிறு ஸ்ப்ரே ஒன்றும் போதும்.

இந்த விதி 2006 ஆகஸ்டில் பிறந்தது. லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு, முதலில் திரவங்களையே தடுத்தார்கள். அந்தத் தடை பின்னர் 100 மி.லி. விதியாகத் தளர்ந்தது. ஆகவே இது சென்ட்டின் எரியும் தன்மைக்காக வந்த விதி அல்ல. தண்ணீருக்கும் தயிருக்கும் இதே விதிதான். இந்திய உள்நாட்டு விமானங்களில் சோதனை சற்றுத் தளர்வாக இருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். அதை நம்பி 200 மி.லி. பாட்டிலைக் கைப்பையில் வைப்பது, அன்றைக்கு அங்கே நிற்கும் காவலரின் முடிவுக்கு அதை விட்டுவிடுவதாகும்.

125 மி.லி. பாட்டிலில் கால்வாசிதான் இருக்கிறது. விடுவார்களா?

விட மாட்டார்கள். பாட்டிலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள், மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. அமெரிக்கச் சந்தைக்கான பாட்டில்களில் அவுன்ஸ் எண்ணே பெரிதாக இருக்கும்: 1 அவுன்ஸ் 30 மி.லி., 1.7 என்றால் 50, 3.4 என்றால் 100, 4.2 என்றால் 125, 6.8 என்றால் 200. 3.4 வரை கைப்பை, அதற்கு மேல் பெட்டி. அளவு அச்சிட்ட ஸ்டிக்கர் அடிப்பாகத்திலிருந்து உரிந்துபோயிருந்தால் அந்தப் பாட்டிலையும் பெட்டியிலேயே வையுங்கள். கவுண்டரில் நின்று நிரூபிக்க வழியில்லை.

செக்-இன் பெட்டியில் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாமா?

இல்லை. இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சென்ட்டில் பெரும்பகுதி எத்தனால். சரக்காக அனுப்பும்போது அது ஐ.நா. எண் 1266 கொண்ட, தீப்பற்றும் திரவ வகை. பயணிகளுக்கு மட்டும் சொந்த உபயோகத்துக்காக ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கின் அளவு: ஒரு பாட்டில் அல்லது டப்பா அதிகபட்சம் 500 மி.லி. (எடையில் சொன்னால் அரை கிலோ). ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 2 லிட்டர் (அல்லது 2 கிலோ). 100 மி.லி. பாட்டிலாக வைத்தால் இருபது.

இதில் மூன்று விஷயம் விட்டுப்போகும். முதலாவது, 2 லிட்டர் என்பது கைப்பையும் பெட்டியும் சேர்ந்த மொத்தம். இரண்டாவது, ஹேர் ஸ்ப்ரே, டியோடரண்ட், நகப்பூச்சு, நகப்பூச்சு நீக்கி எல்லாம் அதே 2 லிட்டரில் அடங்கும். மூன்றாவது, கணக்கு உள்ளிருக்கும் திரவத்துக்குத்தான். கண்ணாடியும் அட்டைப்பெட்டியும் இதில் சேராது. அவை உங்கள் 30 கிலோவில்தான் சேரும்.

ஊரில் எல்லோருக்கும் பாடி ஸ்ப்ரே கொடுக்க வேண்டும். இரண்டு டஜன் போட்டால் என்ன?

ஒருவர் பெயரில் போட முடியாது. 150 மி.லி. டப்பா 24 என்றால் 3.6 லிட்டர். ஒரு டஜன் போட்டால் 1.8 லிட்டர், மீதி 200 மி.லி.யில் சென்ட் பாட்டில் இரண்டு வைக்கலாம், அவ்வளவுதான். 200 மி.லி. டப்பா என்றால் பத்தோடு கணக்கு முடிந்துவிடும். குடும்பமாகப் பயணித்தால் ஆளுக்கு 2 லிட்டர் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்காமல் அவரவர் பெட்டியில் பிரித்து வையுங்கள். எக்ஸ்-ரேயில் வரிசையாக டப்பாக்கள் நிற்கும் பெட்டியைத்தான் ஓரங்கட்டித் திறக்கச் சொல்வார்கள்.

பாடி ஸ்ப்ரே டப்பாவைத் தள்ளுவது புரொப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்கள். சமையல் எரிவாயுவிலும் இருப்பவை அவைதான். எனவே தலையில் மூடி கட்டாயம். மூடி தொலைந்த டப்பாவின் பித்தானைப் பெட்டியில் ஒரு செருப்பு அழுத்திக்கொண்டே இருந்தால் போதும், முழு டப்பாவும் காலியாகி, எரியும் வாயு பெட்டிக்குள் தேங்கும். மூடி இல்லாததை எடுக்காதீர்கள். டேப் ஒட்டிச் சமாளிப்பது சரிப்படாது.

டப்பாவில் 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். ஆகாயத்தைவிடத் தரையில்தான் அந்த ஆபத்து அதிகம். ஜூலை மாதம் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில், பெட்டியை முதல் நாளே ஏற்றி வைக்காதீர்கள்.

ரூம் ஃப்ரெஷ்னர், கார் சென்ட், பகூர், ஊதுபத்தி?

விலக்கு உடம்புக்குப் பூசும் பொருள்களுக்குத்தான். ரூம் ஃப்ரெஷ்னர் ஸ்ப்ரே, கொசு மருந்து ஸ்ப்ரே போன்றவற்றில் தீப்பற்றும் சின்னம் இருந்தால் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. காரில் தொங்கவிடும் திரவ சென்ட்டும் உடம்புக்கானது அல்ல. அதையும் விட்டுவிடுங்கள்.

பகூர் (கரியில் போட்டுப் புகைக்கும் வாசனை மரச்சீவல்), சாம்பிராணி, ஊதுபத்தி ஆகியவை திடப்பொருள். பெட்டியில் வைப்பதில் சிக்கல் இல்லை. பகூரோடு சேர்த்து விற்கும் வட்டமான கரித்துண்டுதான் சிக்கல். சீக்கிரம் பற்றிக்கொள்வதற்காகவே தயாரிக்கப்பட்ட அந்தக் கரி விமானத்துக்கு ஆகாது. செட்டாக வாங்கியிருந்தால் கரியை எடுத்துவிட்டு மற்றதைக் கட்டுங்கள்.

அத்தரில் ஆல்கஹால் இல்லையே, அதற்கும் இந்த விதியா?

அத்தர் எண்ணெய். எனவே தீப்பற்றும் கவலை குறைவு. ஆனால் கைப்பையில் அதுவும் திரவம்தான், ஜிப் கவருக்குள் வந்தாக வேண்டும். 3, 6, 12 மி.லி. பாட்டில்கள் என்பதால் இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு தோலா என்று விற்பது ஏறக்குறைய 12 மி.லி.

அத்தரின் பிரச்சினை வேறு. அது எளிதில் ஆவியாகாது. சென்ட் கசிந்தால் சில மணி நேரத்தில் ஆல்கஹால் பறந்துவிடும், வாசனை மட்டும் மிஞ்சும். அத்தர் கசிந்தால் எண்ணெய் மெதுவாக மரையின் இடுக்கில் ஏறி, பாட்டிலைச் சுற்றி வழிந்து, துணியில் நிலைத்துவிடும். வெள்ளை வேட்டியில் அத்தர்க் கறை போவது பெரும்பாடு. கண்ணாடிக் குச்சி மூடியுள்ள அலங்காரப் பாட்டில் மேசைக்கு அழகு, பயணத்துக்கு உதவாது. உருளைப் பந்து வைத்த ரோல்-ஆன் பாட்டிலுக்கோ, இறுக்கமான மரை மூடியுள்ள பாட்டிலுக்கோ மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

ஊத் வாங்குபவர்கள் இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். ஊத் என்பது நம் அகில். அந்த மரம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு ஒரு கிலோ சீவல், 24 மி.லி. எண்ணெய் வரை அந்த ஒப்பந்தம் விலக்குத் தருகிறது. நாடுகள் இதைவிடக் கடுமையாகவும் வைக்கலாம். பில்லைக் கையில் வைத்திருங்கள். அசல் கஸ்தூரி என்று சொல்லி யாராவது கொடுத்தால் வாங்கவே வேண்டாம். கஸ்தூரி மான் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடைகளில் கஸ்தூரி என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் செயற்கை வாசனை, அவற்றால் தொல்லை இல்லை.

பாட்டில் ஏன் கசிகிறது? சரக்கு அறையில் அழுத்தமே இருக்காதாமே?

சரக்கு அறையில் அழுத்தம் இருக்கிறது. பயணிகள் உட்காரும் இடத்தில் எவ்வளவோ, கீழே பெட்டிகள் இருக்கும் அறையிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் அது தரைமட்ட அழுத்தம் அல்ல. அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு ஈடான அழுத்தம். ஊட்டி இருப்பது 2,240 மீட்டரில். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்தில் உங்கள் சென்ட் பாட்டிலுக்குள் நடப்பதும் அதுதான்.

உள்ளே உள்ள திரவம் உப்பாது, காற்றுதான் உப்பும். அழுத்தம் முக்கால் பங்காகக் குறைந்தால் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். புதிய 100 மி.லி. பாட்டிலில் காற்று 5 மி.லி. என்றால் அது கேட்பது 2 மி.லி.க்கும் குறைவு. பாதி தீர்ந்த பாட்டிலில் 50 மி.லி. காற்று கேட்பது 17 மி.லி. பெட்டி படுத்திருந்தால் பாட்டிலின் கழுத்தில் காற்று இருக்காது, திரவம்தான் இருக்கும். ஆக வெளியே தள்ளப்படுவதும் திரவமே. புதுப் பாட்டில் பத்திரமாக வந்து சேர, பாதி தீர்ந்த பழைய பாட்டில் மட்டும் கசியும் மர்மம் இதுதான். அழுத்தத்தால் கண்ணாடி வெடிக்காது. அதற்கு இந்த வித்தியாசம் போதாது.

எந்த வழியாகக் கசிகிறது என்பது பாட்டிலின் தலையைப் பொறுத்தது. பெரும்பாலான சென்ட் பாட்டில்களில் உலோக வளையத்தைக் கழுத்தில் இறுக்கி மடித்திருப்பார்கள். திருகிக் கழற்ற முடியாது. இந்த வகை லேசில் கசியாது. அதில் கசிவு வந்தால் பெரும்பாலும் காரணம் அலங்கார மூடி கழன்று, துணி எதுவோ ஸ்ப்ரேயின் தலையை அழுத்தியதுதான். காந்தத்தால் ஒட்டும் மூடிகள் பார்க்கப் பகட்டானவை, பெட்டிக்குள் அவை நிற்பதே இல்லை. திருகும் தலையுள்ள பாட்டிலில் உள்ளிருக்கும் வாஷர்தான் எல்லாமே. பல ஆண்டுகள் ஆல்கஹாலில் ஊறிய வாஷர் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும். ஸ்ப்ரேயே இல்லாமல் கண்ணாடி மூடி சொருகிய பாட்டில் எல்லாவற்றிலும் மோசம்.

கிளம்புவதற்கு முந்தின இரவு ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டிலை டிஷ்யூ தாளில் சுற்றி, ஜிப் கவரில் போட்டுப் படுக்க வையுங்கள். காலையில் தாளில் ஈர வளையம் இருந்தால் அந்தப் பாட்டில் பயணத்துக்கு லாயக்கில்லை. தரையிலேயே கசிவது ஆகாயத்தில் நிற்காது.

சரி, எப்படிக் கட்டுவது?

திருகும் மூடி என்றால் மூடியைக் கழற்றி, மரையில் டெஃப்ளான் டேப் மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். குழாய் வேலைக்காரர் பயன்படுத்தும் அதே வெள்ளை நாடா, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். மூடி எந்தப் பக்கம் திருகி இறுகுகிறதோ அந்தப் பக்கமாகவே இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் மூடியைத் திருகும்போதே சுருண்டு வந்துவிடும். செல்லோடேப்பை நம்பாதீர்கள். ஒரு சொட்டு ஆல்கஹால் பட்டாலே அதன் பசை கரைந்து பிசுபிசுக்கும்.

இறுக்கி மடித்த தலை என்றால் டெஃப்ளானுக்கு வேலை இல்லை. தலை அழுந்தாமல் பார்ப்பதே காரியம். சில பாட்டில்களில் தலைக்கும் வளையத்துக்கும் நடுவே மாட்டும் பிறை வடிவப் பிளாஸ்டிக் கிளிப் வரும், அதைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். இல்லையென்றால் மூடியை மாட்டி, மூடியும் பாட்டிலும் சேரும் இடத்தைச் சுற்றி அகலமான பேப்பர் டேப் ஒட்டுங்கள். நோக்கம் மூடி கழலாமல் இருப்பது மட்டுமே.

பிறகு காற்றைப் பிழிந்தெடுத்த ஜிப் கவர் ஒன்று. அதற்குள் இரண்டு மடிப்பு டிஷ்யூ இருந்தால் கசிந்த சொட்டை அது குடித்துக்கொள்ளும். அதன் மேல் தடிமனான காலுறை. பாட்டில் வந்த அட்டைப்பெட்டி இருந்தால் அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். இடத்தை அடைத்தாலும் மூலைகளை அதுதான் காப்பாற்றும்.

பெட்டியில் இடம் நட்டநடுவில். எல்லாப் பக்கமும் ஒரு கை அகலத்துக்குத் துணி இருக்க வேண்டும். சக்கரம் இருக்கும் பக்கம் வேண்டாம், பெட்டியைத் தூக்கிப் போடும்போது முதலில் இடிபடுவது அந்தப் பக்கம்தான். இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. விலை உயர்ந்த பாட்டில்கள் என்றால் மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைக்கலாம். எவர்சில்வர் டப்பா எடையைக் கூட்டும், எக்ஸ்-ரே படத்தையும் மங்கலாக்கும்.

தேயிலை, சாக்லேட், பேரீச்சை, மசாலாப் பொடி எதுவும் அதே பெட்டியில் வேண்டாம். முடியாதென்றால் பெட்டியின் மறுபாதியில். கசிவே இல்லாவிட்டாலும் மெல்லிய பிளாஸ்டிக்கைத் தாண்டி வாசனை வரும். தேயிலையும் கொழுப்புள்ள சாக்லேட்டும் அதைப் பிடித்துக்கொண்டு விடாது. ரோஜா அத்தர் மணக்கும் சாக்லேட்டை ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். பட்டுப்புடவைக்குப் பக்கத்திலும் கூடவே கூடாது.

பெரிய பாட்டிலிலிருந்து சிறியதற்கு மாற்றிக்கொள்ளலாமா?

தாராளமாக. 5 அல்லது 8 மி.லி. பிடிக்கும், அடியில் துளையுள்ள சிறு ஸ்ப்ரே இதற்கென்றே வருகிறது. பெரிய பாட்டிலின் ஸ்ப்ரே தலையை நேராக மேலே இழுத்தால் கழன்று வரும், கீழே மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். சிறு ஸ்ப்ரேயின் அடித்துளையை அதில் பொருத்தி, மேலும் கீழுமாக அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் துளித் துளியாக ஏறும்.

எவ்வளவு நிரப்புவது என்பதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. பாதி காலியாக விட்டால் காற்று உப்பித் தள்ளும். விளிம்பு வரை நிரப்பினால் வெயிலில் திரவமே விரிய இடமிருக்காது. எத்தனால் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 சதவீதம் விரியும். பத்தில் ஒன்பது பங்கு நிரப்பி நிறுத்துங்கள். மலிவான சிறு ஸ்ப்ரேக்களில் அடித்துளையின் ரப்பர் சீக்கிரம் தளர்ந்துவிடும், எனவே மேலே சொன்ன ஓரிரவுச் சோதனை இதற்கும் உண்டு. பழைய வாசனை போகக் கழுவிவிட்டு நன்றாகக் காய வைத்த பிறகே புதியதை நிரப்ப வேண்டும். தண்ணீர் கலந்தால் சென்ட் வெண்மையாகக் கலங்கும்.

டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பெரிய பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளலாமா?

நேரடி விமானம் என்றால் கவலையே இல்லை. சோதனை முடிந்த பிறகு வாங்கியதைக் கையோடு ஏற்றலாம். இறங்கி மாறும் பயணத்தில்தான் கவனம் தேவை. நடு விமான நிலையத்தில் மறுபடி சோதனை நடந்தால் 100 மி.லி. விதி மீண்டும் உயிர்பெறும். அதைத் தாண்டி வர உதவுவது கடையில் சீல் வைத்துத் தரும் பை. சிவப்புக் கரையிட்ட, பிரித்தால் தெரிந்துவிடும் பை. வாங்கிய தேதியுள்ள பில் பைக்குள்ளேயே, வெளியிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். கடைசி ஊர் போய்ச் சேரும்வரை அதைத் திறக்கக் கூடாது. நடுவில் ஒருமுறை முகர்ந்து பார்க்கலாம் என்று பிரித்தால் கதை முடிந்தது. பணம் கட்டும்போதே "இன்னொரு விமானம் மாற வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சாதாரணப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சீல் பையையும் எல்லா நாடும் ஒரே மாதிரி ஏற்பதில்லை என்பதால், மாறும் பயணத்தில் 100 மி.லி.க்கு உட்பட்ட பாட்டிலை வாங்குவதே நிம்மதி.

சிங்கப்பூர் சாங்கியில் 1, 2, 3 ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானக் கதவருகே நடக்கிறது. கடைகளைத் தாண்டி, பிறகுதான் சோதனை. ஆகவே அங்கே வாங்கும் பெரிய பாட்டிலுக்கு நேரடி விமானத்திலும் சீல் பை வேண்டும்.

துபாயிலிருந்து மும்பை வழியாக மதுரை என்று வந்தால், மும்பையில் பெரும்பாலும் பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளிதான் வாய்ப்பு. டியூட்டி ஃப்ரீ பாட்டிலை அங்கேயே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். டிஷ்யூவும் ஜிப் கவரும் கைப்பையில் தயாராக இருக்கட்டும். அமெரிக்காவில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுபவர்களுக்கும் இதே வழி. அங்கே 48 மணி நேரத்துக்குள் வெளிநாட்டில் வாங்கிய சீல் பையை ஏற்பார்கள் என்றாலும், இயந்திரம் சந்தேகப்பட்டால் மறுத்துவிடுவார்கள்.

சென்னைக்கு வருபவர்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், இறங்கிய பிறகு அங்குள்ள வருகைப் பகுதி டியூட்டி ஃப்ரீயில் வாங்கிக்கொள்ளலாம்.

புதிய ஸ்கேனர் வந்த பிறகு 100 மி.லி. விதி போய்விட்டதா?

சில இடங்களில் மட்டும். பையைப் பல கோணங்களில் வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும் சி.டி. ஸ்கேனர் வைத்த விமான நிலையங்களில் தளர்த்தி வருகிறார்கள். எடின்பரோவும் பர்மிங்காமும் 2025 ஜூலையில் 2 லிட்டர் வரையான பாட்டில்களை அனுமதிக்கத் தொடங்கின. ஆனால் அங்கிருந்து கைப்பையில் 200 மி.லி. பாட்டிலோடு கிளம்பி, நடுவில் பழைய விதி உள்ள ஊரில் மாறினால் அதை இழப்பீர்கள். வழியிலுள்ள நிலையங்களில் எது கடுமையானதோ அதுவே உங்கள் விதி.

சுங்கத்தில் சென்ட்டுக்கு எவ்வளவு விலக்கு?

இந்தியாவில் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் இருப்பதுபோல் சென்ட்டுக்கென்று தனி அளவு கிடையாது. நீங்கள் கொண்டுவரும் மற்றப் பொருள்களோடு சேர்த்து மொத்த மதிப்பில் அடங்கும். 2016 பேக்கேஜ் விதிகள் இந்தியருக்கு அதை 50,000 ரூபாய் என்று வைத்தன, 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகள் அதை 75,000 ரூபாயாக உயர்த்தின. தொகை திருத்தப்படக்கூடியது, டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணவன், மனைவி இருவருடைய விலக்கையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது.

மதிப்பு குறைவாக இருந்தாலும், ஒரே சென்ட் பிரிக்காத பெட்டியில் பதினைந்து இருந்தால் வியாபாரத்துக்கா என்ற கேள்வி வரும். அன்பளிப்பு என்றால் வகைவகையாக இருப்பது இயல்பு. பில்லைப் பத்திரமாக வையுங்கள். பில் இல்லையென்றால் அதிகாரியே மதிப்புப் போடுவார், அது நீங்கள் தள்ளுபடியில் வாங்கிய விலையாக இருக்காது.

எக்ஸ்-ரேயும் குளிரும் வாசனையைக் கெடுக்குமா?

எக்ஸ்-ரேயால் எதுவும் ஆகாது. சரக்கு அறைக் குளிரில் சென்ட் உறையாது. இயற்கைச் சாறு அதிகமுள்ள சில சென்ட் மட்டும் குளிரில் சற்று மங்கலாகத் தெரியலாம், அறையில் ஒரு நாள் வைத்தால் தெளிந்துவிடும். வாசனையைக் கெடுப்பவை வெயிலும் சூடும்தான்.

பெட்டியைத் திறந்தால் கசிந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் ஜன்னலைத் திறங்கள். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் பெட்டியை விரிக்காதீர்கள். நனைந்த துணியிலிருந்து வருவது எரியும் ஆவி. மின்சாதனம் ஏதாவது நனைந்திருந்தால் ஆன் செய்யாமல் துடைத்துக் காற்றில் வையுங்கள்.

பருத்தித் துணியை நிழலில் உலர்த்தி, பிறகு வழக்கம்போல் துவைக்கலாம். துவைக்கும் முன் இஸ்திரி போட்டால் கறை நிலைத்துவிடும். பட்டை வீட்டில் தொட வேண்டாம், தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் வளையக் கறை விழும், டிரை கிளீனிங்கிடம் கொடுங்கள். அத்தர்க் கறையின் மேல் டால்கம் பவுடரைத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் தட்டிவிட்டு, பாத்திரம் விளக்கும் திரவச் சோப்பைக் கறையில் நேராகப் போட்டுக் கசக்குங்கள். ஒருமுறையில் போகாது. காலிப் பெட்டிக்குள் கசக்கிய செய்தித்தாளும் ஒரு கிண்ணம் சமையல் சோடாவும் வைத்து மூடி, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சோதனையில் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார்கள். வழி உண்டா?

நேரம் இருந்தால் உண்டு. விமான நிறுவன ஊழியரை அழைத்து, அந்தக் கைப்பையைச் செக்-இன் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அனுமதித்தால் பையிலிருந்து பவர் பேங்க், தனி பேட்டரிகளை மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள், அவை சரக்கு அறைக்குப் போகக் கூடாது. நேரம் இல்லையென்றால் பாட்டிலை மறந்துவிட்டு விமானத்தைப் பிடியுங்கள். காவலரிடம் விலையைச் சொல்லி வாதாடிப் பயனில்லை.

பெட்டியில் இடமில்லை. கூரியரில் அனுப்பலாமா?

பயணிக்குள்ள 2 லிட்டர் விலக்கு பார்சலுக்கு இல்லை. விமானத்தில் போகும் பார்சலில் சென்ட் அபாயச் சரக்கு, அதற்கான பேக்கிங்கும் ஆவணமும் வேண்டும். துணி என்று எழுதி உள்ளே சென்ட் வைத்து அனுப்புவது சட்டப்படியும் தவறு, விமானத்துக்கும் ஆபத்து. வளைகுடாவிலிருந்து கப்பல் வழியாக வீடுவரை அனுப்பும் கார்கோ நிறுவனங்களிடம், சென்ட் இருக்கிறது என்று சொல்லியே கேளுங்கள். வாரக்கணக்கில் ஆகும்.

ஊர் வந்த பிறகு ஸ்ப்ரே அடிக்க மாட்டேன் என்கிறது. பாட்டில் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே போகும் குழாயில் காற்று புகுந்திருக்கும். பாட்டிலை நேராக ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுப் பத்து முறை வரை அழுத்துங்கள். அப்போதும் வராவிட்டால் தலையைக் கழற்றி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு, உலர்த்தி மாட்டுங்கள். துளையை ஊசியால் குத்தினால் அது பெரிதாகி, அதன் பிறகு பூவாகத் தூவாமல் ஒரே தாரையாகப் பீய்ச்சும்.